இனம் என்னும் சொல்லும் சிறுநீரகக் கணக்கும்

இனம் என்னும் சொல்லை இலக்கண நூலார் காரணமின்றி ஆள்வதில்லை. ககரத்திற்கு ஙகரம் இனம் என்று கூறும் ஆசிரியர், அவ்விரண்டும் அடிநாவும் அடியண்ணமும் பொருந்துமிடத்தில் பிறப்பதை மாணவருக்கு ஒலித்தே காட்டிவிடலாம். பிறப்பிடம், முயற்சி, அளவு, பொருள், வடிவு என, எழுத்துகள் இனமாதற்குரிய காரணங்களை நன்னூலார் எண்ணியே வைத்துள்ளார். மருத்துவக் கணக்கொன்றில் இதே சொல் இருபத்திரண்டு ஆண்டுகள் போதிய காரணம் காட்டாமலே நின்றது. அது எவ்வாறு நேர்ந்தது என்பது தமிழாசிரியரும் மாணவரும் அறிய வேண்டிய செய்தியாகும்.

குருதியில் கிரியேட்டினின் என்றொரு கழிவுப்பொருள் உண்டு. தசையிலிருந்து அது தோன்றுகிறது. சிறுநீரகம் அதனை வடித்து வெளியேற்றுகிறது. வடிக்கும் ஆற்றல் குன்றினால் குருதியில் அதன் அளவு ஏறும். ஆயின், தசை மிகுந்தவருக்கும் இறைச்சி மிகுதியாக உண்பவருக்கும் சிறுநீரகம் நன்றாயிருக்கும்போதே அது சற்று உயர்ந்து காணும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே வாய்பாடுகள் எழுந்தன. 1976இல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட் வாய்பாட்டில் வயது, எடை, பால் ஆகியன இருந்தன; இனம் இல்லை. 1999இல் அமெரிக்காவில் அமைந்த எம்.டி.ஆர்.டி. வாய்பாட்டில்தான் அது நுழைந்தது. நோயாளி கறுப்பினத்தவராயின், கிடைத்த விடையை ஏறத்தாழ 1.2ஆல் பெருக்க வேண்டும் என்றனர். 2009இல் வந்த சி.கே.டி.-இ.பி.ஐ. வாய்பாட்டில் அவ்வெண் 1.159 ஆயிற்று. கறுப்பினத்தவருக்குத் தசை மிகுதி என்பது கூறப்பட்ட காரணம். வாய்பாடு தசையை அளக்கவில்லை. இனப்பெயரைக் கேட்டுக்கொண்டு, அளந்ததாக வைத்துக்கொண்டது.

இதன் விளைவைச் சிறு கணக்கால் காட்டலாம். வயதும் பாலும் குருதி அளவும் ஒத்த இருவர் உளர் எனக் கொள்க. ஒருவருக்கு விடை 18. கறுப்பினத்தவர் என்று குறிக்கப்பட்ட மற்றவருக்கோ அதே குருதி 21ஐ நெருங்கும் விடையைத் தரும். மாற்றுச் சிறுநீரகத்திற்கான காத்திருப்புக் காலம் அங்கே 20 என்ற எல்லையில் தொடங்குகிறது. முன்னவருக்கு நாள் எண்ணத் தொடங்கிவிட்டது. பின்னவர் நோய் முற்றும்வரை வெளியே நிற்க வேண்டியவரானார். 2021இல் இனத்தை நீக்கிய புதிய வாய்பாடு வந்தது. 2022இல் அந்நாட்டு உறுப்புமாற்று அமைப்பும் இனப்பெருக்கத்தைத் தடை செய்து, இழந்த காத்திருப்புக் காலத்தை 2023 முதல் நோயாளிகளுக்குத் திருப்பித் தர ஏற்பாடு செய்தது.

இஃது அமெரிக்கர் சிக்கல் என்று தள்ளிவிடுதற்கில்லை. ஆசியாவிலும் இனத்திற்கோர் எண் தேடும் முயற்சி நடந்தது. எம்.டி.ஆர்.டி. விடையைச் சீனருக்கு 1.233ஆல் பெருக்குக என்றது 2006ஆம் ஆண்டு ஆய்வு. சப்பானியருக்கு 0.808ஆல் பெருக்குக என்றது 2009ஆம் ஆண்டு ஆய்வு. அண்டை நாட்டார் இருவருள் ஒருவருக்கு ஏற்றம், ஒருவருக்கு இறக்கம்! இவ்வேறுபாட்டிற்கு உடலைவிட, இரு நாட்டு ஆய்வாளரும் சிறுநீரக ஆற்றலை அளந்த முறைகள் வேறானமையே காரணமாகலாம் என்று பின்னர் எடுத்துக் காட்டப்பட்டது. பாகிஸ்தானில் 2014இல் வகுத்த திருத்தமோ, 60 என்ற விடையை 52 அளவிற்குக் குறைக்கிறது. தென்னாசியருக்குப் பொது வாய்பாடு நலத்தை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்பது அதன் பொருள். அவ்வெச்சரிக்கை மதிக்கத்தக்கது. ஆனால் தென்னாசியர் என்பவர் யார்?

லெம்பா பெர்த்தாமை எண்ணிப் பார்த்தால் இவ்வினாவின் கடுமை விளங்கும். தேயிலைத் தோட்டத் தமிழரும், காய்கறி பயிரிடும் சீனரும், மலாய்க்காரரும், செமாய் மக்களும் வாழும் கேமரன் மலைப் பள்ளத்தாக்கு அது. படிவங்களில் இம்மக்கள் மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்ற கட்டங்களுக்குள் அடங்கியாக வேண்டும். சரிவில் கொழுந்துக் கூடை சுமந்து உரமேறிய இளைஞனும், முதுமையில் கைகால் மெலிந்த அவன் பாட்டியும், ஊன் உண்ணாத கடைக்காரரும், நகரத்துப் பஞ்சாபியரும் "இந்தியர்" என்ற ஒரே கட்டத்தில் நிற்பர். இவர்கள் அனைவருக்கும் பொருந்தும் பெருக்கெண் எது? பாட்டியின் உடலில் தசை குறைவு. ஆகவே கிரியேட்டினினும் குறைவு. சிறுநீரகம் நலிந்திருந்தும் தாளில் விடை நன்றாகவே காணும். இனத்தை நீக்கிய 2021ஆம் ஆண்டு வாய்பாடும் இம்மூதாட்டியின் மெலிவை அறியாது. இனத்தை எடுத்துவிட்டதனாலேயே நீதி முழுமையாகிவிட்டது என்பார் இதனை மறக்கின்றனர்.

இனவாரிக் கணக்கெடுப்பே வேண்டா என்பதும் ஏற்கத்தக்கதன்று. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதன்மையான நோய்களுள் நீரிழிவும் ஒன்று. சோதனை முகாம்களை எங்கே மிகுதியாக நடத்த வேண்டும் என்பதை இவ்வெண் சொல்லும். எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் சிறுநீரகம் எவ்வாறுள்ளது என்பதை அது சொல்லாது.

சொல்லாட்சியிலும் ஒரு குறை உண்டு. உயிரியல் நூல்கள் பேரினம், சிற்றினம் என்று உயிர்களைப் பகுக்கின்றன. (வள்ளுவர் விலக்கச் சொன்ன சிற்றினம் முற்றிலும் வேறு!) இதே சொல்லை மக்கட்பிரிவுக்கும் வழங்கும்போது, தமிழரும் சீனரும் உடலமைப்பிலேயே வெவ்வேறு வகையினர் என்ற எண்ணம் மாணவர் உள்ளத்தில் ஓசையின்றிப் பதிகிறது. நலவியல் பாடத்தில் வழிவழி, வாழிடம், உணவு, தொழில் என்று பிரித்துச் சொல்லுதலே தகும்.

தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டட்டின்-சி என்னும் புரதத்தை அளந்து கணக்கிடும் முறை இன்று உள்ளது. கிரியேட்டினினோடு சேர்த்துப் பார்த்தால் விடை மேலும் செம்மையாகிறது; இனப்பெயர் தேவைப்படுவதில்லை. செலவுதான் கூடுதல். அதனைப் பெற இயலாதவரும் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற எளிய சோதனையைக் கேட்டுப் பெறலாம். நீரிழிவுடைய மெலிந்த முதியோரைக் கிரியேட்டினின் விடை ஒன்றைமட்டும் பார்த்து வீட்டிற்கு அனுப்பிவிடுதல் ஆகாது.