கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில்

பழைய புல்லட்டில் மூன்று இடங்களில் ஆயில் ஊற்ற வேண்டும். இன்ஜினுக்கு ஒன்று, பிரைமரி செயினும் கிளட்ச்சும் சுற்றும் அறைக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று. இன்றைய புல்லட்டில் ஒரே ஆயில் மூன்று வேலையையும் பார்த்துக்கொள்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வடிக்கும்போது எந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பழைய வண்டியின் கியர்பாக்ஸ் ஆயிலில் பெட்ரோல் வாடை இருக்காது, கரி இருக்காது. பல்சக்கரங்கள் எப்படி உழைத்தன என்பது மட்டும்தான் அதில் தெரியும். அதனாலேயே மூன்றில் இதை மாற்றும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது.

அதிலும் இதைத் திருவொற்றியூரில் செய்வதில் ஒரு தனி நிறைவு உண்டு. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த உதிரிகளை இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் முழு வண்டியுமே இங்கே உருவாகத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பிறகும், பர்மிங்காமின் ஆல்பியன் நிறுவனத்து வடிவத்தில் அமைந்த அந்த நாலு கியர் பெட்டி திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல்லாண்டுகள் வந்துகொண்டே இருந்தது. மேற்கே மணலியில் 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலை மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயும் தயாரிக்கிறது. தெற்கே தண்டையார்பேட்டையில் சர்வோ எண்ணெய்களைக் கலந்து டின்னில் அடைக்கும் ஆலை இருக்கிறது. வண்டியும் அதன் ஆயிலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

ஆறிப்போன பெட்டியைத் திறக்கக் கூடாது. எண்ணூர் கடலோரச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தால் பெட்டிக்குள் கிடக்கும் ஆயில் இளகியிருக்கும், அடியில் படிந்த துகளும் கலங்கி மேலே வந்திருக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் மேலே இருக்கும் மூடியைத் திறந்துவிட வேண்டும். கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் காற்றுப் புக வழியில்லாமல் ஆயில் விக்கி விக்கி விழும். எங்கள் பக்கம் அந்தக் கீழ் போல்ட் லேசில் அசையாது. உப்புக்காற்று மரையில் ஏறிப் பூட்டிவிடும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் தடவி ஊறவிட்டு, அளவு சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானரால் ஒரே சீரான அழுத்தம் கொடுக்க வேண்டும். அது விடுபடும்போது கையில் ஒரு சின்ன ‘டக்’ தெரியும். பிறகு விரலாலேயே சுற்றலாம்.

வடிந்ததைப் பார்க்கும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஃபிட்டர். தட்டில் விழுந்த ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார், பிறகு வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். “மாவு மாதிரி நைஸா இருந்தா கவலைப்படாதப்பா, நகத்துல நெருடுனா பொட்டிய பிரி” என்பார். அந்த மாவு பல்லோடு பல் உரசி வந்த எஃகு. அதற்குள் சில சமயம் பொன்னிறமாக ஒன்று மினுங்கும். அது எஃகு இல்லை, தண்டுகள் சுழலும் கன்மெட்டல் புஷ்ஷின் தேய்மானம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத் தட்டுக்கு அடியில் வைத்து நகர்த்தினால் கறுப்பு மாவு அதன் பின்னாலேயே ஓடும், பொன் துகள் இருந்த இடத்திலேயே நிற்கும். எது எவ்வளவு தேய்கிறது என்று கண்ணாலேயே கணக்குப் பார்த்துவிடலாம். இந்த ஒரு காட்சிக்காகவே தனி ஆயில் முறையை நான் மெச்சுவேன்.

அந்தப் புஷ்களுக்காகவே எந்த ஆயில் என்பதிலும் கவனம் வேண்டும். டின்னில் 90 என்ற எண்ணைப் பார்த்து இன்ஜினுக்கு ஊற்றும் 40ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் ஆயிலின் 90, இன்ஜின் ஆயிலின் 40க்கும் 50க்கும் பக்கத்தில்தான் வரும். உண்மையான வேறுபாடு அதில் சேர்க்கும் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்களில் இருக்கிறது. பல்லும் பல்லும் அழுத்தும்போது ஆயில் படலம் கிழிந்தாலும் அந்தச் சேர்மங்கள் எஃகின் மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிந்து காப்பாற்றும். டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடியும் அவற்றால்தான். லாரியின் பின் அச்சுக்கான ஜிஎல்-5 வகையில் இவை அதிகம். சூட்டில் கன்மெட்டலையும் பித்தளையையும் அரிக்கக்கூடும் என்பதால் இந்தப் பெட்டிக்கு ஜிஎல்-4 போதும், அதுவே நல்லது. கிரீஸும் ஆயிலும் கலந்து அடைத்த காலமும் உண்டு. இந்தப் பெட்டி ஆயிலைக் கசியவிடும் குணமுள்ளது, கெட்டியாக இருந்தால் உள்ளேயே நிற்கும் என்ற கணக்கு அதற்கு. கசிவை நிறுத்த வைத்தியம் இருக்கும்போது பல்லைப் பட்டினி போடுவானேன் என்பது என் கட்சி.

போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டு இறுக்கிய பிறகு புனலை வைத்து ஊற்ற ஆரம்பித்தால், அவசரத்துக்கு அங்கே இடமில்லை. ஆயில் கம்பிப் பதத்துப் பாகு போல ஒரே இழையாக இறங்கும். இடையில் நிறுத்தி கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திவிட வேண்டும். கிக்கரின் அசைவு இந்தப் பெட்டிக்குள் புகுந்துதான் இன்ஜினுக்குப் போகிறது. அது அசையும்போது சக்கரங்கள் உருண்டு இண்டு இடுக்கில் நிற்கும் காற்றை வெளியேற்றும், ஆயில் மட்டம் சற்றுக் கீழே இறங்கும். அளவுத் திருகின் துளையில் ஆயில் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் ஊற்றியது எல்லாம் கிளட்ச் பக்கம் கசிந்துவிடும்.

வடித்த ஆயிலைப் பழைய கேனில் அடைத்து, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பின் டிரம்மில் சேர்த்துவிடுவேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் இறங்கியபோது, படகின் விளிம்பும் வலையும் அலையாத்தி வேரும் கறுத்துக் கிடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் கண்ணால் கண்டார்கள். ஒரு கேன் ஆயிலானாலும் சாக்கடையில் ஊற்ற எனக்குக் கை வராது.

மாற்றிய அன்று வண்டியை எடுத்தால் வித்தியாசம் வலது காலுக்குத்தான் முதலில் தெரியும். பழைய புல்லட்டில் கியர் வலப்பக்கம். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இரண்டிலிருந்து மூன்றுக்கு மிதிக்கும்போது இருந்த கரடுமுரடு போய், மிதி ஒரே மூச்சில் இறங்கும். கியர் மிதிக்குப் பின்னால் குதிகாலுக்கென்று இருக்கும் நியூட்ரல் லிவரின் அருமையும் அப்போதுதான் முழுதாகப் புரியும். டோல்கேட் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்க, வண்டி நாலாவது கியரில் வந்து நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டியதில்லை. கிளட்ச்சைப் பிடித்து, குதிகாலால் ஒரு அழுத்து. இரண்டு, மூன்று, நாலு எதில் இருந்தாலும் நேரே நியூட்ரல். முதல் கியரிலிருந்து மட்டும் அது வேலை செய்யாது. அதற்குப் பெருவிரலால் மெல்லத் தட்டினால் போதும்.

வீடு திரும்பியதும் கிக்கர் தண்டின் அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைக்கிறேன். மறுநாள் காலையில் துணியில் ஒன்றிரண்டு சொட்டு இருந்தால் அந்த வயதுக்கு இயல்பு. உள்ளங்கை அகலத்துக்குக் கறை படர்ந்திருந்தால் தண்டின் ஓரிங்கை மாற்ற வேண்டும்.