யார் கூற்று?

கவிதையொன்றைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதற் கேள்வி எது? அகப்பாடல்களுக்குப் பழையோர் எழுதிவைத்த குறிப்புகளே விடை சொல்லும்: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. தொல்காப்பியச் செய்யுளியலும் செய்யுளின் உறுப்புகளை எண்ணுமிடத்துக் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றைச் சேர்த்தே எண்ணுகிறது. பேசுவது யார், யாரிடம், எங்கே, எப்போது என்று அறியாமல் பொருள் கொள்ளலாகாது என்பது கருத்து. ஹதீஸ் கலையும் இதற்கு அயலானதன்று. சொன்னவர் யார், அறிவித்தவர் யார் என்று கண்ணி கண்ணியாகச் சோதித்தே நமது அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்றார்கள். வசனம் இறங்கிய சந்தர்ப்பத்தை அறிவது தப்ஸீரின் ஓர் அங்கம். தமிழ் பேசும் முஸ்லிமுக்கு இருபுறத்தாலும் வந்த இந்தச் சொத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கவில்லை என்பதே என் துணிபு.

இது இலக்கிய வகுப்போடு முடிகிற குறையன்று. கொட்டாஞ்சேனைக் கொச்சிக்கடையிலுள்ள புனித அந்தோனியார் ஆலயம், செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் மெழுகுதிரியோடு வந்துபோகும் இடம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அங்கும், நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டுதாரிகளில் பெரும் செல்வரான வாசனைத் திரவிய வர்த்தகர் ஒருவரின் புதல்வர்கள் இருவர் இருந்தனர். வெளிநாட்டில் உயர்கல்வி கற்ற ஒருவரும் இருந்தார். வறுமையும் படிப்பின்மையுமே காரணம் என்ற விளக்கம் இங்கே நிற்காது. தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிமின் பயான்கள் நமது தமிழிலேயே நிகழ்ந்தன. நமது பிள்ளைகள் அவற்றைத் தமிழிலேயே கேட்டார்கள். ஆகவே இது தமிழில் எழுதுகிற, தமிழ் கற்பிக்கிற நமது காரியமும் ஆகும்.

இத்தகைய பயான்களின் உத்தி ஒன்றுதான். போர்க்காலத்துக்குரிய வசனமொன்றை அதன் களத்திலிருந்தும் காலத்திலிருந்தும் பிடுங்கி, முன்னால் இருக்கும் இளைஞனே அதைக் கேட்க வேண்டியவன் என்று நம்பவைப்பது. 'யாரிடம் சொல்லப்பட்டது?' என்று கேட்கப் பழகியவன் அந்த இடத்திலேயே சற்று நிற்பான். அந்தச் சற்று நேரத் தயக்கந்தான் நாம் கொடுக்கக்கூடிய பாதுகாப்பு.

ஸஹ்ரானும் கேள்வி கேட்டவர்தானே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. மதரசாவில் ஆசிரியர்களோடு முரண்பட்டு நீக்கப்பட்டவர் அவர். ஆனால் அவருடைய கேள்விகள் எல்லாம் பிறரை நோக்கியவை. சொந்தக் கூற்றைச் சோதனைக்கு வைத்தவையல்ல. வெல்வதற்காகக் கேட்பது வேறு, விளங்குவதற்காகக் கேட்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதில் வகுப்பறையில் கற்றுக்கொடுக்கலாம். 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் சூபி தரப்பாரோடு மோதல் நடந்து, அவர் தலைமறைவான பின்னர் எவராலும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. அவரைப் பற்றி ஊரவர்கள் முறைப்பாடு செய்துதான் இருந்தார்கள். செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை.

அரசு அப்போது வேறு எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. குண்டுகள் வெடிப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன், ஏப்ரல் 1ஆந் திகதி, சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை ஒரு சிறுகதைக்காகப் பொலிஸார் கைதுசெய்தனர். மறு ஆண்டு நமது முறை வந்தது. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞர், புத்தளத்தில் தமிழ் கற்பித்த ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம், 2020 மே 16இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2017இல் வெளிவந்த அவருடைய 'நவரசம்' தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்றார்கள். தமிழ் தெரிந்தோர் பலர் வாசித்துவிட்டு, வன்முறைக்கும் போருக்கும் எதிரான கவிதைகளை அதிலிருந்தே எடுத்துக்காட்டினர். ஒன்பது சுவைகளின் பெயரைத் தாங்கிய நூலில் வெகுளியும் இருக்கும், அச்சமும் இருக்கும், இளிவரலும் இருக்கும். கவிதைக்குள் பேசும் குரல் யாருடையது என்று கேளாமலே அந்நூல் குற்றப்பொருளாயிற்று. 2021 டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விசாரணையின்றியே ஆட்களைப் 'புனர்வாழ்வு'க்கு அனுப்ப வழிசெய்த 2021ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளையும் உயர் நீதிமன்றம் 2023இல் அடிப்படை உரிமைகளுக்கு முரணானவை எனத் தீர்த்தது. தீவிரவாதத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி, அதைத் தடுக்கக்கூடிய ஒரு தமிழாசிரியரை வகுப்பறையிலிருந்து அகற்றியிருந்தார்கள்.

அரசைச் சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. வெள்ளவத்தை டியூஷன் வகுப்புகளில் பாட்டின் நயங்கள் ஐந்து எனச் சொல்லி எழுதவைக்கப்படுகின்றன. பிள்ளை அதைப் பரீட்சையில் ஒப்புவிக்கிறது. அஹதிய்யா வகுப்பில் 'ஏன்?' என்று கேட்கும் பிள்ளைக்கு 'அப்படிக் கேட்கக் கூடாது' என்பதே பல வேளைகளில் பதில். அதே வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க மண்டபத்து நூல் வெளியீடுகளில் நாங்கள் செய்வதென்ன? வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை. குறை சொன்னவன் பகைவன். பெரியவர்கள் விமர்சனத்தைப் பகையாக எண்ணும் சமூகத்தில் பிள்ளைகள் மட்டும் எங்கே சிந்திக்கப் பழகுவார்கள்?

கேள்வி ஈமானைக் கெடுக்கும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன். நாம் வழிவழியாகப் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாபிஈ, தம் ஆசிரியர் இமாம் மாலிக்கோடு கருத்து வேறுபட்டவர். அதனால் ஒருவர் மற்றவருக்கு எதிரியாகவில்லை.

புதிய பாடநூல் எதுவும் வேண்டியதில்லை. ஆறாம், ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு பத்திரிகைச் செய்தி, ஒரு கவிதை, சென்ற வெள்ளிக்கிழமைக் குத்பா ஆகிய மூன்றையும் கொடுப்போம். கூற்று, கேட்போர், களன், காலம் என்று நான்கு வரிகள் எழுதட்டும். தன் பயானும் அவ்வாறு கேட்கப்படுவதை மௌலவி பொறுக்க வேண்டும். தன் கவிதை கேட்கப்படுவதைக் கவிஞனும் பொறுக்க வேண்டும்.

'நவரச'த்தை இனியேனும் ஒரு கவிதை நூலாக நமது இதழ்களில் எடுத்துப் பேசுவோம். ஆசிரியர் சிறையிருந்தார் என்பதற்காக அதைப் புகழத் தேவையில்லை. சொல்லாட்சி எங்கே சிறக்கிறது, எங்கே பிரசங்கமாகிறது என்று தாராளமாக எழுதலாம். ஒரு கவிஞனுக்கு அவனது சமூகம் கொடுக்க வேண்டியிருந்த வாசிப்பு அதுவே.