புட்டியின் நடுக்கம்

பீட்டில்ஸின் 1968 வெள்ளை ஆல்பத்தில், 'ஹெல்டர் ஸ்கெல்டர்' கூச்சலை அடுத்து, மூன்றாம் பக்கத்தின் கடைசியில் வருகிறது ஜார்ஜ் ஹாரிஸனின் 'லாங், லாங், லாங்'. பலரும் தாண்டிப்போய்விடும் பாட்டு. காதலியிடம் பேசும் முணுமுணுப்பு. விளிக்கப்படுவது கடவுள் என்று ஹாரிஸனே பின்னால் எழுதினார். வரிகள் கண்டடைந்த நிறைவில் முடிந்துவிடுகின்றன. பாட்டு முடிவதில்லை. மெக்கார்ட்னி ஆர்கனில் ஒரு ஸ்வரத்தை அழுத்த, லெஸ்லி ஒலிபெருக்கிமேல் இருந்த ஒயின் புட்டி கடகடக்கிறது. ரிங்கோவின் டிரம் அதனுடன் சேர்ந்து உருள்கிறது. ஹாரிஸனின் குரல் ஓலமாகிறது. இந்தத் தற்செயலைப் பிழையென்று அழிக்காததே இங்கு சிருஷ்டி என்பது என் கட்சி. கண்டடைந்தவனின் நடுக்கத்தை வரிகள் சொல்லவில்லை, புட்டி சொல்லிவிட்டது. பக்தியைச் சாந்தம் என்று மட்டும் அறிந்தவர்களுக்கு இது வெறும் இரைச்சல்தான்.