ஷாங்காய் அழகியைப் பாதாதிகேசம் பார்ப்பது எப்படி?

முதலில் முகத்தை மறந்துவிடுங்கள். பழைய ஷாங்காய் காலண்டர் படங்களில் சுவாரசியம் குறைந்த இடம் முகம்தான். பத்துப் படம் பார்த்தால் பதினோராவது முகத்தை நீங்களே வரைந்துவிடலாம்: ரோஜாக் கன்னம், மெல்லிய வளைபுருவம், நம்மைப் பார்த்தும் பார்க்காத சிரிப்பு. நம் புலவர்கள் பெண்ணைப் பாட இரண்டு வழி வைத்திருந்தார்கள்: கேசாதிபாதம், பாதாதிகேசம். இந்தப் படங்களுக்கு இரண்டாவதுதான் தோது. காலில் தொடங்கி மேலே போங்கள்.

சீனத்தில் இவற்றுக்கு ‘யுவேஃபென்பாய்’ என்று பெயர். சிகரெட், சோப்பு, மருந்துக் கம்பெனிகள் புத்தாண்டுக்கு இனாமாகக் கொடுத்த காலண்டர்கள். 1910களிலிருந்து 1930கள் வரை இவற்றின் பொற்காலம். மேலும் கீழும் தகரப் பட்டை, ஓரத்தில் சந்திர மாதத் தேதியும் ஆங்கிலத் தேதியும், எங்காவது ஒரு மூலையில் சரக்கு. நடுவில் ஒரு பெண். பெரும்பாலும் அவள் அந்தச் சரக்கைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கால்களைப் பாருங்கள். பெண் குழந்தைகளின் பாதங்களை மடக்கிக் கட்டிச் சிறுக்கவைக்கும் வழக்கத்தை 1912இல், சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட் சென்னின் அரசு தடை செய்தது. ஆணை வந்ததும் கட்டு அவிழ்ந்துவிடவில்லை. கிராமங்களில் பல ஆண்டுகள் நீடித்தது. காலண்டரில் மட்டும் சீக்கிரமே அவிழ்ந்துவிட்டது. பழைய படங்கள் சிலவற்றில் உடைக்குக் கீழே சின்னக் கூர்முனை தெரியும். அடுத்து வந்த, கையில் புத்தகம் பிடித்த பள்ளி மாணவிகளுக்கு இயல்பான பாதம். 1930களில் ஹைஹீல்ஸ். குதிகாலைத் தரையில் வைக்கவிடாத இன்னொரு ஏற்பாடு என்று எனக்குத் தோன்றும். அந்தக் காலத்து ஷாங்காய்க்காரி இதைக் கேட்டால் சிரித்திருப்பாள்.

கொஞ்சம் மேலே, உடையின் விளிம்பு. ‘ச்சீபாவ்’ என்றதும் உடலோடு ஒட்டிய பட்டு உடைதான் நினைவுக்கு வரும். ஆனால் 1920களில் அது வந்த கோலமே வேறு. தொளதொளவென்று, மணிபோல் விரிந்த கையோடு, ஆண்கள் போட்ட நீண்ட அங்கியைப் போலவே இருந்தது. ஆண்களைப் போல ஆக வேண்டும் என்று விரும்பித்தான் பெண்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று எழுத்தாளர் ஐலீன் சாங் 1943இல் ஒரு கட்டுரையில் சொன்னார். 1929இல் அரசு அதைப் பெண்களுக்குரிய முறையான உடைகளில் ஒன்றாக அறிவித்தது. 1920களின் கடைசியில் விளிம்பு முழங்காலை நோக்கி ஏறியது. 1930களின் நடுவில் தரையைத் தொட்டது. பிறகு மறுபடி ஏறியது. விளிம்பையும் கையின் நீளத்தையும் பார்த்தே படத்தின் காலத்தைச் சில வருஷ வித்தியாசத்தில் சொல்லிவிடலாம். பழகிவிட்டால் இது ஒரு விளையாட்டு.

மார்பிலும் வரலாறு இருக்கிறது. இறுக்கமான உள்ளுடையால் மார்பைத் தட்டையாக்கிக் கட்டுவதை 1927இல் குவாங்டாங் மாகாண அரசு தடை செய்தது. 1920களின் படங்களில் நேர்கோடாக இறங்கும் உடல் 1930களில் வளையத் தொடங்குகிறது.

இப்போது தோல். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, தாடைக்குக் கீழேயும் முழங்கை மடிப்பிலும் பாருங்கள். கோடே இருக்காது. சீன ஓவியத்துக்குத் தூரிகைக் கோடுதான் முதுகெலும்பு. இங்கே அதையே உருவிவிட்டார்கள். ஓவியர் ஜெங் மன்துவோ கொண்டுவந்த முறை இது. புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்தவர். கரித்தூளைத் தேய்த்துத் தேய்த்து மேடுபள்ளம் வரவழைத்து, அதன்மேல் நீர்வண்ணத்தை மெல்லப் பூசுவார். உள்ளே விளக்கு வைத்ததுபோல் கன்னம் மினுங்குவது அதனால்தான். அடுத்த தலைமுறையில் ஹாங் ஜியிங் இதை ஒரு பட்டறையாகவே நடத்தினார். லி முபாய் உருவம் வரைவார், ஜின் ஷுவேசென் பின்னணி, கடைசி மெருகு ஹாங். முகங்கள் ஒன்றுபோல் இருப்பதில் வியப்பென்ன?

இந்தப் பெண்கள் நோயாளிகள்போல் இருக்கிறார்கள் என்று எழுத்தாளர் லூ சுன் கடிந்துகொண்டார். பாதி உண்மை. மீதியைக் கைகளில் தேடுங்கள்: டென்னிஸ் மட்டை, சைக்கிள் கைப்பிடி, டெலிபோன், சிகரெட். வரைந்தவர்கள் ஆண்கள், விற்றதும் ஆண்கள். ஆனாலும் ஒரு பெண் தனியாக வெளியே போகலாம், விளையாடலாம் என்ற எண்ணம் சுவரில் ஆணியடித்துத் தொங்கியது. படத்துக்கு வெளியே, சிகரெட் கம்பெனியான பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் ஷாங்காய் புடோங் ஆலையில் வேலை செய்தவர்களிலும் நிறையப் பேர் பெண்கள். காலண்டரில் அவர்களைத் தேடாதீர்கள்.

1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த பிறகு இதே ஓவியர்கள் பலர் புதிய அரசுக்காகப் புத்தாண்டுப் படங்கள் வரைந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜின் மெய்ஷெங் 1950களில் காய்கறித் தோட்டத்தில் நிற்கும் ஓர் உழவர் பெண்ணை வரைந்தார். விளைச்சலைக் கொண்டாடும் படம். கன்னத்தை மட்டும் பாருங்கள்: அதே கரித்தூள், அதே ரோஜா.

ஆனால் ச்சீபாவுக்குக் கெட்ட காலம் பிறந்தது. குடியரசுத் தலைவர் லியூ ஷாவ்சியின் மனைவி வாங் குவாங்மெய் 1963இல் இந்தோனேசியப் பயணத்தில் அதை அணிந்திருந்தார். 1967 ஏப்ரலில், கலாசாரப் புரட்சியின்போது, ட்சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் மாணவர் படையினரான செங்காவலர்கள் அதற்காக அவருக்கு வலுக்கட்டாயமாக ஒரு ச்சீபாவை மாட்டி, பிங்பாங் பந்து மாலை போட்டுக் கூட்டத்தின் முன் நிறுத்தினார்கள்.

இவ்வளவும் பார்த்த கண்ணோடு சமகாலச் சீனக் கலைஞர் லின் தியான்மியாவிடம் வாருங்கள். சிறுவயதில், அம்மா கொண்டுவரும் வெள்ளைப் பருத்திக் கையுறைகளைப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றுவது இவர் வேலை. 1995இல் ஒரு கட்டிலைக் கலைப்படைப்பாக வைத்தார். மெத்தையில் சுமார் 20,000 ஊசிகள். ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளை நூல் இறங்கித் தரையில் உருண்டைகளாகக் கிடக்கிறது. பெண் உருவமே கிடையாது. அந்தப் படைப்பின் சீனத் தலைப்பில் ‘சான்’ என்று ஒரு சொல் வரும். சுற்றிக் கட்டுவது என்று பொருள். பாதங்களைக் கட்டும் வழக்கத்துக்குச் சீனத்தில் ‘சான்சூ’ என்று பெயர். அதே ‘சான்’தான்.