சீனப் பழமொழிகளும் ஆங்கிலப் பொருளும்

பழமொழியொன்றின் பொருள் யாதென வினவினால், அதற்கு நிகரான ஆங்கிலத் தொடரைக் கூறி அமைதல் நம் மாணவரிடைப் பெருவழக்கு. ஒருபுறம் மூலமும் மறுபுறம் ஆங்கிலமுமாக அமைந்த பட்டியல்கள் தேர்வுக்கு உதவுவன. அவை பொருளை உணர்த்த வல்லனவோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. இதற்குச் சீனப் பழமொழிகளை எடுத்துக்கொள்வோம். நம்மிற் பெரும்பாலோர் அவற்றை ஆங்கிலத்தின் வாயிலாகவே அறிந்துள்ளோமாதலின், பெயர்ப்பின் நிறைவும் குறைவும் அவற்றில் தெளிவாகப் புலப்படும்.

சீனப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் தந்தோருள் வில்லியம் ஸ்கார்பரோ, ஆர்தர் ஸ்மித் என்னும் பாதிரிமார் இருவர் குறிப்பிடத்தக்கவர். முன்னவர் நூல் 1875இல் வெளிவந்தது. பின்னவர் நூலின் திருத்திய பதிப்பு 1902இல் வந்தது. தமிழிலும் அக்காலத்தே இத்தகைய பணி நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் முன்னர்த் தொண்டாற்றிய பேர்சிவல் பாதிரியார், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அகரநிரலில் அமைத்து, ஆங்கிலப் பெயர்ப்புடன் 1874இல் சென்னையில் வெளியிட்டார். 1897இல் ஜென்சன் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வகையாற் பகுத்து விளக்கமும் சேர்த்தார். பேர்சிவலின் உழைப்பு வியத்தற்குரியது. ஆயினும் அகரநிரல் தேடுவோர்க்கு உதவுமேயன்றிப் பழமொழி வழங்கும் சூழலைக் காட்டாது. ஸ்மித்தோ பழமொழிக்குப் பின்னுள்ள கதை, வரலாறு, சொல்விளையாட்டு ஆகியவற்றையும் எடுத்துரைத்தார். இவ்வேறுபாடு சிறிதன்று.

எல்லைப்புறக் கிழவன் குதிரையை இழந்தான் என்பது சீனர் வழங்கும் ஒரு தொடர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் ஹுவாய்நான்சி என்னும் நூலில் இதன் கதை உளது. குதிரை ஓடிப்போயிற்று, அயலார் இரங்கினர். அது வேறு நற்குதிரைகளோடு மீண்டது, அயலார் வாழ்த்தினர். மகன் குதிரையிலிருந்து வீழ்ந்து காலொடிந்தான். பின்னர்ப் போர் மூண்டு இளைஞர் பலர் மாண்டனர். கால் ஊனமுற்றமையால் அவன் பிழைத்தான். இரங்கியபோதும் வாழ்த்தியபோதும் கிழவன், 'இதன் முடிவை யார் அறிவார்?' என்றே வினவினான். இதற்கு ஆங்கிலப் பட்டியல்கள் 'மாறுவேடம் பூண்ட நற்பேறு' என்னும் கருத்துடைய தொடரைத் தருகின்றன. அத்தொடர் நன்மையில் வந்து முடிகின்றது. சீனக் கதையோ எங்கும் முடியவில்லை. நம்மவர் கூறும் 'எல்லாம் நன்மைக்கே' என்பதும் இதற்கு நிகராகாது.

கிணற்றுத் தவளை நமக்குப் புதிதன்று. சுவாங்சி என்னும் சீன நூலிலும் அத்தவளை உண்டு. அது தன் கிணற்றின் இன்பங்களைக் கீழ்கடல் ஆமையிடம் புகழ்ந்துரைக்கிறது. கடலின் பரப்பைக் கேட்டதும் திகைக்கிறது. குறுகிய நோக்குடையவன் என ஆங்கிலத்தில் இதற்குப் பொருள் எழுதினால் நீரும் ஆமையும் மறைகின்றன. வசை மட்டுமே எஞ்சுகிறது. முகத்துவாரத்தில் வாவி கடலோடு கலக்கக் கண்ட நம் மாணவனுக்கு அந்த ஆமையின் உரை எளிதில் விளங்கும். பட்டியல் அவனுக்கு அவ்வாய்ப்பை அளிப்பதில்லை.

இனி நம் நாட்டு வழக்கொன்றை நோக்குவோம். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்பர். வெளியூரார் வாயில் இது மந்திர வசியம் பற்றிய அச்சம். நம்மவர் வாயில் இது விருந்தோம்பலின் பெருமிதம். மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழும் வழக்குடைய இப்பகுதியில், வந்தவன் இங்கேயே தங்கிவிட்டான் என்னும் நகையும் இதனுள் அடங்கும். சொல் ஒன்றே, சொல்வோன் மாறப் பொருளும் மாறுகின்றது. இதனை ஒற்றை ஆங்கிலத் தொடரால் எங்ஙனம் பெயர்ப்பது?

ஆங்கிலப் பெயர்ப்பு வேண்டா என்பது எம் கருத்தன்று. அஃதின்றேல் சீனக் கிழவனை நாம் அறிந்திரோம். நிகர்த்தொடர் வாயில் மட்டுமே. அதனையே வீடெனக் கொள்வது பிழை. நம் பாட்டிமார் வழங்கும் மொழிகளைத் தொகுக்கப் புகும் மாணவர், தொடரோடு அமையாது, யார், யாரிடம், எந்நிலையிற் கூறினார் என்பதனையும் குறித்தல் வேண்டும். அக்குறிப்பு இன்றேல், நாளை நம் பழமொழிகளையும் நாம் பிறமொழிப் பட்டியலிற் பொருள் தேடியே அறிய நேரும்.