உதைக்கும் கால், சும்மா இருக்கும் கால்

வண்டியை எடுப்பதற்கு முன் பெட்ரோல் டேங்க்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது என் வழக்கம். அடுத்த நிமிடமே அதே வண்டியைக் காலால் ஓங்கி உதைப்பதும் வழக்கம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்று முப்பது வருடத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை. புத்தகத்தில் தெரியாமல் கால் பட்டாலே பதறிப்போய்த் தொட்டுக் கும்பிடும் வீட்டில் வளர்ந்தவன் நான். உதை வாங்குவதற்கென்றே ஓர் உறுப்போடு தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கும் பொருளை என்ன செய்வது? மன்னிப்பை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டியதுதான்.

போன மாதம் எலும்பு மருத்துவர் என் வலது முழங்காலின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்ன சார் வேலை பாத்தீங்க இத்தனை நாளா?" என்றார். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் என்றேன். நம்பவில்லை. அப்போதுதான் காலைப் பற்றி யோசித்தேன். மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் கையைப் பற்றியே பேசுகிறார்கள்: முறுக்குவது, கிளட்ச் பிடிப்பது, பிரேக் போடுவது. என்னிடம் வந்த நான்கு வண்டிகளோ முதலில் என் காலோடுதான் பேச்சுக் கொடுத்தன. ஒன்றைத் தவிர ஒவ்வொன்றும் அதற்கு ஒரு பாடம் வைத்தது.

முதலில் வந்தது புல்லட் 350. சேலத்தில் பழைய வண்டியாக வாங்கியது. இங்கிலாந்தில் 1932-லேயே புல்லட் என்ற பெயரில் வண்டி வந்துவிட்டது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, பிறகு திருவொற்றியூரிலேயே வண்டி தயாராக ஆரம்பித்தது. பிறந்த நாட்டில் 1970-ஓடு கதை முடிந்தது. தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகும் புகுந்த வீட்டில் அதே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என்னுடையது அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. அகலம் குறைவு, ஆழம் அதிகம். கிணற்றில் வாளி இறங்கி ஏறுகிற நிதானம் அதற்கு. கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்துகொள்வதால், நின்றபடி ஓடும்போது ஒவ்வொரு 'டப்'பையும் விரல் மடக்கி எண்ணலாம்.

ஆனால் அந்த முதல் 'டப்' சும்மா வராது. வாங்கிய புதிதில், வேலைக்கு நேரமாகிவிட்ட ஒரு காலையில், அவசரத்தில் அரைகுறையாக ஓர் உதை விட்டேன். கிக்கர் அப்படியே எதிர்த்து எழும்பிக் கணுக்காலில் அறைந்தது. ஒரு வாரம் நொண்டினேன். மெக்கானிக் அண்ணன் சிரிக்கவில்லை. "தம்பி, கோவமா ஒதைச்சா அதுவும் கோவமா ஒதைக்கும். மொதல்ல முள்ளப் பாக்கக் கத்துக்க" என்றார். "சரிங்ணா" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஹெட்லைட்டுக்கு மேலே, இரண்டு குட்டி விளக்குகளுக்கு நடுவே ஓர் ஆம்பியர் மீட்டர் உண்டு. சாவியைத் திருப்பிக் கிக்கரைக் காலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், முள் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும். ஓரிடத்தில் பாதத்துக்கு அடியில் சுவர் எழும்பினாற்போல் கிக்கர் நின்றுவிடும். பிஸ்டன் காற்றை அமுக்கி உச்சிக்கு வரும் இடம் அது. அங்கே முள் நடுவுக்கு வந்து நிற்கும். இடது கைப்பிடியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு லீவர். அதை இழுத்தால் அடைபட்ட காற்று 'புஸ்' என்று வெளியேறும். அந்தப் பெருமூச்சோடு கிக்கரை இன்னும் ஓர் அங்குலம் இறக்க வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம்தான் உதை. பாதியில் நிற்காமல் அடிவரை. பிஸ்டன் உச்சியைத் தாண்டி நிற்பதால், அடுத்த அமுக்கம் வருவதற்குள் ஃப்ளைவீலுக்கு வேகம் பிடிக்க இடம் கிடைக்கிறது. பலத்துக்கு இதில் வேலையே இல்லை. என்னில் பாதி எடையுள்ள ஒரு பெரியவர் செருப்புக் காலோடு ஒரே உதையில் கிளப்புவதைப் பார்த்திருக்கிறேன். அவர் பார்த்ததெல்லாம் முள்ளைத்தான்.

குதிகாலுக்கும் அந்த வண்டியில் தனி மரியாதை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியர் லீவருக்குப் பின்னால் இன்னொரு குட்டி லீவர் இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு என எந்தக் கியரில் வந்தாலும் குதிகாலால் அதை ஒரு மிதி மிதித்தால் நேராக நியூட்ரல். சேலம் ஐந்து ரோடு சிக்னலில் மற்றவர்கள் நியூட்ரலைத் தேடித் தட்டிக்கொண்டிருக்கும்போது, எனக்கு 'டக்' என்று ஒரே சத்தம். முன்பாதம் கட்டிய கணக்கைக் குதிகால் ஒரே அடியில் கலைத்துவிடும்.

டேங்க்கில் ஓடும் தங்கநிறக் கோட்டையும் சொல்லியாக வேண்டும். அது ஒட்டியது இல்லை. சென்னைத் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்த கோடு. மூக்கு முட்டப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்: வலப்பக்க வளைவில் கோடு ஒரு மயிரிழை தடிக்கிறது, இடப்பக்கம் அதே வளைவில் மெலிகிறது. கோலம் போடும்போது இழை திரும்புமிடத்தில் விரல் கொஞ்சம் தளருமே, அதுபோல. முப்பது வருடம் என் வலது முழங்கால் உரசிய இடத்தில் கோடு பாதி அழிந்திருக்கிறது. முழங்காலும் பாதி அழிந்திருக்கிறது. கணக்கு நேர்.

அடுத்து வந்தது மைசூர்க்காரி, யெஸ்டி. 1961-ல் ஜாவாவாகத் தொடங்கி 1996 வரை ஓடிய ஆலையின் வண்டி. ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர், பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து குடிக்கும் டூ ஸ்ட்ரோக். முதல் நாள் விற்றவரிடம், "கிக்கர் எங்கேங்க?" என்று கேட்டேன். அவர் இடது பக்கக் கியர் லீவரைக் காட்டினார். விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். அவர் குனிந்து அந்த லீவரை உள்ளே ஓர் அழுத்து அழுத்தி, அப்படியே நிமிர்த்திச் சுழற்றினார். கியர் லீவர் கிக்கராகி எழுந்து நின்றது. உதைத்து முடித்ததும் மறுபடி படுத்துக் கியராகிவிட்டது. ஒரே இரும்புத் துண்டு, இரண்டு வேலை. அரிவாள்மனை ஒன்றே காயும் நறுக்கித் தேங்காயும் துருவுமே, அந்தச் சிக்கனம்.

அதற்குள் இன்னொரு நுட்பம் ஒளிந்திருந்தது. அந்த லீவரைக் கால் அழுத்தத் தொடங்கும்போதே கிளட்ச் தானாக விடுபடும். கைக் கிளட்ச் இருந்தும், ஓடும்போது அதைத் தொடாமலே கியர் மாற்றலாம். ஆனால் பாதம் பக்குவமாக இருக்க வேண்டும். டப்பென்று விட்டால் வண்டி குதிரை போல் துள்ளும். வீணை நரம்பிலிருந்து விரல் எடுப்பது போல் விட்டால், கியர் விழுந்ததே தெரியாமல் சத்தம் மட்டும் ஒரு சுருதி இறங்கும். அந்தச் சுருதி மாற்றத்துக்காகவே தேவையில்லாத இடத்தில் எல்லாம் கியர் மாற்றியிருக்கிறேன்.

ஒரே வீட்டில் இந்த இரண்டும் நின்றதுதான் சோதனை. புல்லட்டில் பிரேக் இடது, யெஸ்டியில் வலது. ஞாயிற்றுக்கிழமை யெஸ்டி ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை புல்லட் எடுத்தால் கால் குழம்பும். ஒருமுறை குறுக்கே வந்த ஆட்டுக்காகப் பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்திக் கியர் மாற்றினேன். ஆடு என்னைவிடப் புத்திசாலி, ஒதுங்கிக்கொண்டது. நான்தான் வேலியோர முள்ளுக்குள் போய் நின்றேன். அன்று முதல் எந்த வண்டியில் ஏறினாலும், கிளம்புவதற்கு முன் இரண்டு பாதங்களையும் மெல்ல அசைத்து, 'நீ யார், நீ யார்' என்று கேட்டுக்கொள்வேன்.

நடுவில் மூன்று வருடம் ஓர் ஆர்எக்ஸ் 100 இருந்தது. 98 சிசி, 11 குதிரை, எடை ஏறக்குறைய நூறு கிலோ. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன அந்த வண்டிக்கு உதை என்று சொல்வதே கூச்சம். பாதி கிக்கர் இறங்குவதற்குள் சில்வண்டு போல் கத்த ஆரம்பித்துவிடும். புல்லட் காலுக்கு வைத்த பாடம் பொறுமை. யெஸ்டி வைத்தது பக்குவம். ஆர்எக்ஸ் எந்தப் பாடமும் வைக்கவில்லை, விளையாடக் கூப்பிட்டது. அந்த வயதில் அதுவும் வேண்டியிருந்தது.

நான்காவதாக ஹிமாலயன் வந்தபோது கால் வேலையிழந்தது. 411 சிசி, முன்னால் 21 அங்குலச் சக்கரம், தரைக்கும் அடிவயிற்றுக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி, டயல்களுக்கு நடுவே திசைகாட்டிகூட உண்டு. கிக்கர் மட்டும் இல்லை. கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் போதும். முதல் நாள் என் வலது கால் இருட்டில் செருப்புத் தேடுவதுபோல் துழாவியது. கிளப்புவதற்குத்தான் கால் வேண்டியிருந்தது, இனி என்ன என்று நினைத்தேன். உண்மையான படிப்பே அப்புறம்தான் இருந்தது.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணி ஏறிய பிறகு, தார் ரோட்டை விட்டுத் தோட்டங்களுக்குள் இறங்கும் மண்பாதைகள் உண்டு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஐப்பசி மழைக்கு மறுநாள் அப்படி ஒரு செம்மண் பாதையில் இறங்கினேன். ஈரச் செம்மண் டயரில் அப்பி, டயரின் பல்லெல்லாம் மறைந்து வழவழப்பாகிவிடும். பின்சக்கரம் மெல்ல இடப்பக்கம் நழுவியது. பயத்தில் காலை ஊன்றினேன். சேறு பூட்ஸைக் கவ்விக்கொண்டது. வண்டி முன்னால் போயிற்று. நான் பூட்ஸுக்கும் வண்டிக்கும் நடுவே படுத்துவிட்டேன்.

தூக்கி நிறுத்த மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்தது. முன்னால் இரண்டு பலாப்பழம், பின்னால் ஒரு மூட்டை. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். காலில் செருப்புகூட இல்லை. நான் விழுந்த அதே சேற்றில் அவர் வண்டி பாம்புபோல் நெளிந்தது. அவர் பாதங்கள் இரண்டும் பலகையிலேயே கிடந்தன. அக்கரை போய் நிறுத்தி, திரும்பிப் பார்த்து, "கால எதுக்கு சார் கீழ வெச்சீங்க? வண்டி நின்னாத்தானே கால் வேணும்? மேலயே வெச்சுக்கங்க, அது பாத்துக்கும்" என்றார். நான்கு வண்டி வைத்திருந்த எனக்கு இதை அதுவரை யாரும் சொன்னதில்லை.

அதன்பிறகு நின்றபடி ஓட்டப் பழகினேன். பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில், முழங்கால் லேசாக மடங்கி, கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் தளர்த்தி. கீழே வண்டி ஆடட்டும். மேலே உடம்பு ஆடாது. அப்போது உள்ளங்காலுக்குக் காது முளைக்கிறது. சரளைக் கல் பட்டாணி வறுப்பதுபோல் பொரியும். மணல் ஒரு விநாடி தாமதித்துப் பதில் சொல்லும். நனைந்த பாறை மட்டும் ஒன்றுமே சொல்லாது. அந்த மௌனத்துக்குத்தான் பயப்பட வேண்டும். திரும்பும்போது வெளிப்பக்கப் பாதத்தில் கொஞ்சம் எடையைக் கூட்டினால் பின்சக்கரம் மண்ணைக் கடிக்கும். இவ்வளவும் நடக்கும், கால் இருந்த இடத்தை விட்டு அசையாமலே.

இந்தப் பாடத்துக்குப் பரீட்சை மணாலி–லே சாலையில். தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று பலகை வைத்திருந்தார்கள். கேன் நிறைத்துக்கொண்டு கிளம்பினோம். 4,890 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா கணவாய்ப் பக்கம் சாலைக்குக் குறுக்கே பனியுருகிய ஓடைகள் பாயும். பகல் வெயில் ஏற ஏறப் பனி உருகி, கணுக்கால் நீர் மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும். அதனால் விடியற்காலையில் கடக்க வேண்டும். கூட வந்த நண்பரின் பழைய கார்புரேட்டர் புல்லட்டுக்கு மெலிந்த காற்று ஒத்துக்கொள்ளவில்லை. அவர் உதைப்பதும், ஓர் உதைக்கு ஒரு நிமிடம் மூச்சு வாங்குவதுமாக இருந்தார். நான் சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டி, முதலில் நடந்து கடந்து பார்த்தேன். நீருக்கடியில் தேங்காய் அளவு உருண்டைக் கற்கள். பை பிரயோஜனப்படவில்லை. குளிர் எலும்பில் ஆணி அடித்தது.

பிறகு வண்டி. முதல் கியர், கூட்டாமல் குறைக்காமல் ஒரே முறுக்கு, கண் அக்கரையில். நடுவில் ஒரு கல் புரண்டது. சத்தம் கேட்கவில்லை, உள்ளங்காலில் தெரிந்தது. முன்சக்கரம் ஒரு சாண் விலகியது. இடது கால் கீழே இறங்கத் துடித்தது. 'மேலயே வெச்சுக்கங்க' என்ற குரல் கொல்லிமலையிலிருந்து வந்தது. வைத்துக்கொண்டேன். வண்டி தானே நிமிர்ந்தது. அக்கரையில் நிறுத்திக் காலை ஊன்றிய பிறகுதான் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. உதைக்கப் பழகியதைவிடச் சும்மா இருக்கப் பழக எவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது!

இப்போது மருத்துவர் உதைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். யெஸ்டி ஒரு நல்ல கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. புல்லட் மட்டும் ஷெட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியைத் திருப்புகிறேன். கிக்கரில் பாதத்தை வைத்து மெல்ல அழுத்துகிறேன். சுவர் எழும்புகிறது. முள் நடுவுக்கு வருகிறது. லீவரை இழுக்கிறேன், 'புஸ்'. அவ்வளவுதான், சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறேன். அதற்கு மருத்துவர் தடை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

உதைக்காத வண்டியிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. ஆனாலும் கிளம்பும்போது கை தானாகப் போய் அந்த அழிந்த கோட்டைத் தொட்டுக் கண்ணுக்கு வருகிறது.