அனுப்பியாச்சு சரி, வந்து சேர்ந்துச்சா? புயல் எச்சரிக்கையும் புஷ் நோட்டிஃபிகேஷனும்

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய வசனம் உண்டு: "என் மெஷின்ல வேலை செய்யுதே!" புஷ் நோட்டிஃபிகேஷன் விஷயத்தில் இதை அடிக்கடி கேட்கலாம். ஆபீஸில் சோதிக்கும்போது 'டிங்' என்று வரும். ப்ளே ஸ்டோரில் போட்டு ஜனங்கள் பயன்படுத்த ஆரம்பித்த பிறகு சிலருக்கு வரும், சிலருக்கு வராது, சிலருக்கு மறுநாள் காலையில் வரும். பிரியாணி ஆர்டரோ தள்ளுபடிக் கூப்பனோ என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அதுவே புயல் எச்சரிக்கையாக இருந்தால்?

2022 டிசம்பர் 9 இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடக்கத் தொடங்கியது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகக் காற்று. நள்ளிரவு தாண்டித்தான் கடந்து முடிந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்தபோது, காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கடக்கும் என்று சொன்னார்கள். புதுச்சேரி அருகே கடந்தது. கோவளம், நெம்மேலி, தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று நீளும் செங்கல்பட்டு மாவட்டக் கரைக்கு இதெல்லாம் அந்நியச் செய்தி இல்லை. இன்று அந்தக் கரையை எச்சரிக்க ஆப்கள் இருக்கின்றன: மாநில அரசின் டி.என். அலர்ட், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத், இன்னும் பல தனியார் வானிலை ஆப்கள். இவற்றில் ஏதோ ஒன்றைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆப் என்ற ஊடகத்தின் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கைதான் இங்கே விமர்சனத்துக்கு உரியது.

'வெற்றி' என்றால் என்ன?

ஆப் தயாரித்தவரின் சர்வர் நேரடியாக உங்கள் ஃபோனுடன் பேசுவதில்லை. ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் எஃப்.சி.எம்., ஐஃபோன் என்றால் ஆப்பிளின் ஏ.பி.என்.எஸ். என்ற இடைத்தரகரிடம் செய்தியைக் கொடுக்கிறது. கூடவே ஒவ்வொரு ஃபோனுக்கும் உரிய டோக்கன், அதாவது முகவரி. இடைத்தரகர் வாங்கிக்கொண்டு 'வெற்றி' என்று பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலுக்கு அர்த்தம் தபால்பெட்டியில் கடிதம் விழுந்தது என்பது மட்டுமே. ஃபோனுக்குப் போனதா, திரையில் தெரிந்ததா, ஒலித்ததா, யாராவது படித்தார்களா என்பது எதுவும் அதில் இல்லை.

ஆனால் அறிக்கைகளில் வரும் எண்ணிக்கை பெரும்பாலும் இந்த 'வெற்றி'களின் கூட்டுத்தொகைதான். இத்தனை லட்சம் பேருக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது என்ற வாக்கியத்தைப் பாருங்கள். செயப்பாட்டு வினை. அனுப்பியவர் கடமை முடிந்தது; பெற்றவர் வாக்கியத்திலேயே இல்லை.

ஆபீஸில் வருது, ஊரில் வரலை

முதலில் எளிதாகப் பிடிபடும் கோளாறுகளைப் பார்த்துவிடலாம். ஆப்பிளில் சோதனைச் சூழலும் நிஜச் சூழலும் தனித்தனி சர்வர்கள். சோதனை டோக்கனை நிஜ சர்வரில் கொடுத்தால் 'தவறான டோக்கன்' என்று திருப்பி அனுப்பிவிடும். சான்றிதழ் முறையில் இணைத்திருந்தால் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் ஒரே நாளில் எல்லா ஐஃபோனும் மௌனம். ஆண்ட்ராய்டில் வெளியீட்டுக்காகக் குறியீட்டைச் சுருக்கும்போது, செய்தியைப் பிரித்துப் படிக்கும் பகுதி உடைந்துபோகலாம். கூகுள் தன் பழைய எஃப்.சி.எம். இடைமுகத்தை 2024 ஜூலையிலிருந்து நிறுத்தத் தொடங்கியதால் கவனிப்பாரற்றுக் கிடந்த ஆப்கள் ஊமையாயின. இவையெல்லாம் பிழைப்பதிவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாமல் கொல்வது அடுத்த வகை.

ஆண்ட்ராய்டு 6இல் (2015) 'டோஸ்' என்ற தூக்க நிலை வந்தது. ஃபோன் சார்ஜரில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கொஞ்ச நேரம் கிடந்தால், பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆப்களின் நெட் இணைப்பை நிறுத்திவிடும். இடையிடையே சின்ன ஜன்னல் திறக்கும், அப்போது தேங்கியவை வரும். நேரம் ஆக ஆக ஜன்னல்களுக்கு இடையிலான இடைவெளி நீளும். சாதாரண முன்னுரிமையில் அனுப்பிய செய்தி அந்த ஜன்னலுக்காகக் காத்துக் கிடக்கும். உயர் முன்னுரிமையில் அனுப்பியது மட்டும் ஃபோனைத் தட்டி எழுப்பும். திரையில் காட்ட வேண்டியதை ஆப்பே முடிவு செய்யும் 'டேட்டா மெசேஜ்' வகையில் அனுப்பினால், தனியாகக் குறிப்பிடாத வரை சாதாரண முன்னுரிமைதான்.

இப்போது இரண்டு ஃபோன்களை நினைத்துப் பாருங்கள். ஒன்று, ஆப் எழுதுகிறவரின் ஃபோன். நாள் முழுக்க யு.எஸ்.பி. வயரில் கம்ப்யூட்டரோடு கட்டிக் கிடக்கிறது. சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கிற ஃபோனுக்கு டோஸ் வராது. ஆகவே அங்கே எல்லா அறிவிப்பும் உடனுக்குடன் வரும். இன்னொன்று, ஃபைபர் படகில் விடியுமுன் கடலுக்குப் போகிறவரின் ஃபோன். சாயங்காலமே படுத்துவிடுவார், ஃபோன் அலமாரி மேல் அசையாமல் கிடக்கும். வானிலை மையம் இரவில் வெளியிடும் அறிக்கை அவருக்கு வேண்டியது எழுந்து வலையை எடுக்கும் நேரத்துக்கு. ஃபோன் மிக ஆழமாகத் தூங்கும் நேரமும் அதுதான்!

இதன் மேல் ஃபோன் கம்பெனிகளின் சொந்தக் கைவரிசை வேறு. மலிவு விலை மாடல்கள் பலவற்றில், சில நாள் திறக்காத ஆப்பை அவர்களின் பேட்டரி மேலாளர் அடியோடு முடக்கிவிடும். புயல் எச்சரிக்கை ஆப்பை யார் தினமும் திறப்பார்கள்? வருடத்தில் பத்து மாதம் சும்மா கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் உயிர் வர வேண்டிய ஆப் அது. சும்மா கிடப்பதையே குற்றமாகப் பார்க்கும் இயங்குதளத்தில் அதற்கு இடமில்லை. 270 நாள் தொடர்பே இல்லாத ஆண்ட்ராய்டு டோக்கனைக் காலாவதியானதாகக் கூகுளும் எடுத்துவிடும்.

தீர்வு இல்லாமல் இல்லை. உயிர் காக்கும் செய்திக்கு மட்டும் உயர் முன்னுரிமை தர வேண்டும். டோஸ் நிலையைக் கட்டாயமாக வரவழைத்துச் சோதிக்க ஆண்ட்ராய்டிலேயே கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். வயரைக் கழற்றி, மலிவு ஃபோன் ஒன்றை ராத்திரி முழுக்கப் போட்டுவைத்து, மூன்று மணிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் 'சோதித்தாகிவிட்டது' என்று கையெழுத்துப் போடக் கூடாது.

செய்தியின் ஆயுள்

வராமல் போவதைவிட மோசமானது, காலம் கடந்து வருவது. கொக்கிலமேட்டுப் பக்கம் ஒருவர் ஏதோ ஒரு வானிலை ஆப்பைப் பற்றி என்னிடம் சொன்னார்: "மெசேஜ் வராமல்லாம் இல்ல தம்பி. மழை பேஞ்சி ஓஞ்சி, வெயில் அடிக்கிறப்போ வருது."

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் துல்லியமானது. எஃப்.சி.எம்.மில் ஆயுளைக் குறிப்பிடாவிட்டால் ஒரு செய்தி 4 வாரம் வரை காத்திருந்து, ஃபோன் நெட்டுக்குத் திரும்பியதும் போய்ச் சேரும். புயலில் மின்சாரம் போய், ஃபோன் அணைந்து, இரண்டு நாள் கழித்து உயிர் வரும்போது 'இன்றிரவு புயல் கரையைக் கடக்கும்' என்று ஒலிக்கும். ஊரில் பீதி, அல்லது அதைவிடக் கெட்டது, ஏளனம். அடுத்த முறை நிஜமாக வந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உலகம் முழுக்கப் பேரிடர் எச்சரிக்கைகளுக்குப் பொது வடிவமாக இருப்பது சி.ஏ.பி. என்ற நெறிமுறை. சசேத்தும் அதன் மேல்தான் நிற்கிறது. அந்த வடிவத்திலேயே அவசரம், கடுமை, உறுதி, பரப்பு, காலாவதி நேரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. காலாவதி நேரத்தை எடுத்து அப்படியே புஷ் செய்தியின் ஆயுளாக வைப்பது சில வரி வேலை.

இன்னொன்று, ஒரே குறியீட்டில் அனுப்பினால் புதிய செய்தி பழையதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் வசதி. புயலின் இருப்பிடத்தை மூன்று மணிக்கு ஒருமுறை சொல்வதற்கு இது நல்லது. ஆனால் 'வீட்டை விட்டு வெளியேறுங்கள்' என்ற உத்தரவுக்கும் 'லேசான மழைக்கு வாய்ப்பு' என்ற தகவலுக்கும் ஒரே குறியீடு கொடுத்தால், பின்னது முன்னதை விழுங்கிவிடும். குறியீடே கொடுக்காமல் குவித்தாலும் ஆபத்துதான். ஒரு ஃபோனுக்கு 100 செய்திக்கு மேல் தேங்கினால் அத்தனையையும் எஃப்.சி.எம். கொட்டிவிடும்.

ஜனங்கள் ஏன் அணைக்கிறார்கள்?

ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் ஆப் அறிவிப்புக் காட்ட நம் அனுமதியைக் கேட்க வேண்டும். மறுத்தவருக்கு அனுப்பினாலும் சர்வருக்கு 'வெற்றி' என்றே பதில் வரும். அனுமதித்தவரும் பிறகு அணைக்கலாம். அணைக்கிறவர்களைப் 'பொறுப்பில்லாத ஜனங்கள்' என்று திட்டுவது சுலபம். நான் அவர்கள் பக்கம்.

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவானது. பல்லாவரம், தாம்பரத்திலிருந்து தெற்கே செய்யூர் வரை நீளம். 'செங்கல்பட்டு மாவட்டத்தில் கனமழை' என்ற ஒரே வரி கூடுவாஞ்சேரியில் ரயிலேறுகிறவருக்கும், மதுராந்தகம் ஏரி நிரம்பினால் கிளியாற்றில் தண்ணீர் வருமே என்று பார்த்திருப்பவருக்கும், தேவனேரியில் படகை மேட்டுக்கு இழுப்பதா வேண்டாமா என்று யோசிப்பவருக்கும் போகிறது. மூவருக்கும் தேவை மூன்று வேறு செய்திகள். யாருக்கும் தேவைப்படாத ஒன்று மூவருக்கும் கிடைக்கிறது. தினம் மஞ்சள், வாரம் ஆரஞ்சு. சலிப்பில் ஒருநாள் அணைத்துவிடுகிறார்கள்.

ஆண்ட்ராய்டு 8இலிருந்து அறிவிப்புகளைத் தனித்தனிச் 'சேனல்'களாகப் பிரிக்கலாம். தினசரி மழைக்கு ஒன்று, கடல் நிலைக்கு ஒன்று, உயிராபத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே சேனலில் கொட்டும் ஆப், தூறலைக் கேட்க விரும்பாதவரிடமிருந்து சிவப்பு எச்சரிக்கையையும் பிடுங்கிவிடுகிறது. அது பயன்படுத்துகிறவர் செய்த தவறில்லை, வடிவமைப்பின் தவறு.

ஒலிபெருக்கி சொன்ன பாடம்

2004 டிசம்பர் 26 காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்ராவில் நிலநடுக்கம். நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த அவகாசம் பெரும்பாலான ஊர்களில் வீணானது. கல்பாக்கம் குடியிருப்பு உட்பட இந்தக் கரை கொடுத்த விலை நமக்குத் தெரியும். ஆனால் புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ ஊர் தப்பியது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் ஃபோன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொன்னார்கள். சுமார் 500 குடும்பங்கள் பிழைத்தன.

இந்தக் கதையை 'தகவல் தொழில்நுட்பத்தின் வெற்றி' என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் படுவது வேறு. அந்த ஒலிபெருக்கி ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கேட்டுப் பழகிய குரல். வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்கே யாராவது வந்து கேட்டிருப்பார்கள். அதாவது அது எப்போதும் நிஜச் சூழலிலேயே சோதிக்கப்பட்ட அமைப்பு. பேரிடருக்காக மட்டும் காத்திருக்கும் ஆப்புக்கு அந்தச் சோதனை கிடைப்பதே இல்லை.

2017இல் ஒக்கி வந்தபோது எச்சரிக்கை வெளியானது. பல படகுகள் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன, டவர் சிக்னல் அங்கே எட்டாது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் பேசப்பட்டன. 2019இல் அறிமுகமான ஜெமினி, ககன் செயற்கைக்கோளிலிருந்து செய்தியை வாங்கி ப்ளூடூத்தில் ஃபோனுக்குத் தரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டபோது, போதிய முன்னறிவிப்பு இல்லை என்றது எதிர்க்கட்சி. படிப்படியாக எச்சரித்தோம் என்றது அரசு. அந்தச் சண்டையில் ஒரு தரப்பு 'வந்ததா' என்று கேட்டது, மறுதரப்பு 'அனுப்பினோம்' என்று பதில் சொன்னது. இரண்டும் ஒரே கேள்வி என்று நினைக்கும் வரை இந்தச் சண்டை ஒவ்வொரு கார்த்திகையிலும் நடக்கும்.

அப்போ என்னதான் வழி?

செல் பிராட்காஸ்ட் என்ற முறையை இந்தியாவில் 2023இல் சோதித்தார்கள்; திடீரென்று ஃபோன் அலறியது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு ஆப் வேண்டாம், டோக்கன் வேண்டாம், நெட் வேண்டாம். டவர் எல்லைக்குள் இருக்கும் ஃபோன்களில், அந்த வசதி உள்ள எல்லாவற்றிலும் ஒலிக்கும். உயிராபத்துச் செய்திக்கு அதுதான் முதல் வழியாக இருக்க வேண்டும். டவர் எட்டாத கடலுக்குச் செயற்கைக்கோள் கருவி. டவரே சாய்ந்த ராத்திரிக்கு ஒலிபெருக்கி. ஆப்பின் இடம் இவற்றுக்குப் பின்னால்: நிதானமாகப் படிக்க வேண்டிய விவரத்துக்கு, வரைபடத்துக்கு, தங்குமிட முகவரிக்கு.

ஆப்பை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பதிவிறக்க எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும், ஒரு அதிகாலை மூன்று மணிக்கு, கோவளத்திலிருந்து கடலூர் குப்பம் வரை ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள். பத்து நிமிடத்துக்குள் எத்தனை ஃபோன் ஒலித்தது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வெளியிடுங்கள். சின்ன எண் வந்தால் அவமானம் ஒன்றுமில்லை. எந்த ஊருக்கு ஒலிபெருக்கி வாங்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.